இரட்டை முடிச்சு

சனிக்கிழமைகளில் அவன் முடிச்சுப் போடமாட்டான்.
அதனால் நான் போட்டேன்.
பதினோரு பருவம்,
ஹல் துறைமுகத்து மீன்வாடை வீசும் கொட்டகையில்
ஆஷர் ப்ளும்கின் பலகைமேல் காலை நீட்டி உட்காருவான்
மருதாணிக்குக் கொடுப்பதுபோல.
தரையில் முழங்காலிட்டு நான்,
வால்ட்டர் கிரிம்ஷா, மெதடிஸ்ட்,
எங்கள் தேவாலயத்தில்கூட
அத்தனை தடவை முழங்காலிட்டதில்லை.

"ஓய்வுநாளில் பந்தை உதைக்கலாம்,
கயிறு கட்டக் கூடாதோ?"
கோல்கீப்பர் கேட்பான், வாரம் தவறாமல்.
"உதைப்பது பாவம்தான், கணக்கில் எழுதிக்கொண்டேன்.
இன்னொரு வரி எதற்கு?" என்பான் ஆஷர்.

டிராமில் ஏறமாட்டான். நான்கு மைல் நடந்தே வருவான்.
வந்து, இடது ஓரத்தில்
கோட்டுக்கும் கூட்டத்துக்கும் இடையே
ஒரு சாண் இடம் கிடைத்தால் போதும்,
ஊசிக்காதில் நூல் போவதுபோலப் போய்விடுவான்.
தொப்பி தைக்கிற வீட்டுப் பிள்ளை.
கிரிம்ஸ்பியில் அவன்மேல் பன்றிக்கொழுப்பை எறிந்தார்கள்.
தாண்டிக் குதித்துக் கார்னர் எடுத்தான்.
அந்தப் பந்தில்தான் நான் தலையால் முட்டி
வாழ்நாளில் மொத்தம் மூன்றே கோல் போட்டவன்
மூன்றாவதைப் போட்டேன்.

அவன் அப்பா ஸெலிக் உள்ளே வந்ததே இல்லை.
ஓய்வுநாளில் காசைத் தொடக் கூடாது, டிக்கெட் எப்படி வாங்குவது?
ஜெப ஆலயத்திலிருந்து நேரே வந்து
மதிலுக்கு வெளியே நிற்பார், மழையானாலும்.
இரைச்சலை வைத்தே சொல்லிவிடுவாராம்
கோலா, கம்பத்தில் பட்டதா என்று.
கேட்டால் மட்டும்,
"கூரையைப் பிய்த்தவன்
கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறான்,
அதைப் பார்க்க வந்தேன்" என்பார்.

சம்பள உறையையும் அவன் தொடமாட்டான்.
ஞாயிறு காலைவரை என் கோட்டுப் பையில் இருக்கும்.
நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.
ஒரு தடவை எண்ணினேன்.

என்னைவிடப் பத்து ஷில்லிங் அதிகம்.

அடுத்த சனிக்கிழமை அவன் வழக்கம்போல் காலை நீட்டினான்.
வழக்கம்போல் ஏதோ சொல்லிச் சிரித்தான்.
வலது காலுக்கு இரட்டை முடிச்சு.
இடது காலுக்கு
ஒற்றை.
இழுத்தும் இழுக்காமலும்.

மறதி என்று சொல்லலாம்.
சொல்லித்தான் பார்த்தேன், இருபது வருஷம், எனக்கே.

முப்பதாவது நிமிஷம்.
உறைந்த தரை. பூட்ஸ் தனியாகப் பறந்தது,
பந்து போகவேண்டிய திசையில்.
கூட்டம் சிரித்தது.
பிறகு அவன் எழுந்திருக்கவில்லை என்று தெரிந்து நிறுத்தியது.
மதிலுக்கு வெளியே ஸெலிக்
அந்த மௌனத்தை எப்படிப் படித்தாரோ.

கணுக்கால் சேர்ந்தது, வளைந்தே சேர்ந்தது.
"கயிறு பழசு, வால்ட்" என்றான் ஆஸ்பத்திரியில்.
கயிறு புதுசு. முந்தின வியாழன்தான் வாங்கியது,
இருவரும் சேர்ந்தே வாங்கினோம்.

அப்புறம் தொப்பி தைத்தான்.
ஒவ்வொரு குளிர்காலமும் எனக்கு ஒன்று, அளவு பிசகாமல்.
என் தலை அவனுக்கு மனப்பாடம்.
குனிந்த தலையாகவே பதினோரு பருவம் பார்த்தவன்.

போன வாரம் இறந்துபோனான்.
கல்லறைத் தோட்டத்தில், அவன் தைத்த தொப்பியோடு,
ஓரமாக நின்றேன், மதிலை ஒட்டி.
அவன் மைத்துனன் காய்ம் பக்கத்தில் வந்து
பேச்சுக்குச் சொன்னான்:
பிணத்துணியில் நாங்கள் முடிச்சே போடமாட்டோம்,
சும்மா சுற்றி, மடித்துச் செருகிவிடுவோம்.
"ஏன்?"
"தெரியாது. அவிழ்க்கச் சுலபமாக இருக்கட்டும் என்றோ என்னவோ."

பாக்கெட்டுக்குள் என் விரல்கள்
எதையோ கட்டிக்கொண்டிருந்தன.

திரும்பி வரும் வழியில் மூடுபனி, கப்பல் சங்கு.
என் காலணிக் கயிறு அவிழ்ந்து சேற்றில் இழுபட்டது.
குனியவில்லை. வீடுவரை அப்படியே நடந்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை.
கட்டியிருக்கலாம்.